பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

தலைநகரில் வாழும் நம்மவர் இருவர் கார்த்திகை மாதத்தில் சந்தித்தால், ஊர்ச் சமாசாரம் பேசுவதற்கு முன்னால் மூக்கைப் பற்றிப் பேசுவார்கள். “உங்களுக்கும் அடைப்புதானா?” என்று ஒருவர் கேட்பார். “இந்த டில்லிக் காற்றில் அடைக்காமல் என்ன செய்யும்?” என்று மற்றவர் பதில் சொல்வார். தைலம், ஆவி பிடிப்பது, மிளகு ரசம், மாத்திரைப் பெயர் எல்லாம் கைமாறும். அதோடு விஷயம் முடிந்துவிடும். எல்லாப் பழியும் காற்றின் தலையில்.

நான் டாக்டர் இல்லை. மத்திய அரசின் கணக்குத் துறையில் முப்பத்தோரு வருஷம் பேரேடு பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் பதினான்கு மாதம் ஒரு நோயைத் தவறான கணக்கில் எழுதிவந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அந்தத் தவற்றை நம் சங்க அன்பர்களில் பலரும் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் அக்கா பேரன் கல்யாணம். தை மாதம் குடும்பத்தோடு போயிருந்தோம். வாழை இலை முன் உட்கார்ந்தபோது வலது பக்கம், மேல் கடைவாய்ப் பல் ‘விண் விண்’ என்று தெறித்தது. அங்கே ஒரு பல் டாக்டரிடம் போனேன். பல்லைத் திறந்து, நரம்பை எடுத்து, உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்தார். “இன்னும் இரண்டு தடவை வரவேண்டும். பிறகு மேலே தொப்பி போட வேண்டும்” என்றார். எங்களுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் நாலாம் நாள். வலியோ சுத்தமாக நின்றுவிட்டது. “பாக்கியை டில்லியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று கிளம்பிவிட்டேன். டில்லி வந்ததும், “அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அவரிடமே முடித்துக்கொள்ளலாம்” என்று மனசு மாறியது. பல் வலிக்கவில்லை என்பதால் அந்த நினைப்பே பிறகு வரவில்லை.

சித்திரையில் வலது மூக்கு ஒழுக ஆரம்பித்தது. ராஜஸ்தான் புழுதி என்றேன். ஆவணியில் ஒழுகியது, மழை ஈரம் என்றேன். ஐப்பசியில் ஒழுகியது, தீபாவளிப் புகையும் வயல் எரிக்கிற புகையும் என்றேன். டில்லியில் ஒவ்வொரு பருவமும் ஒரு குற்றவாளியைத் தயாராக வைத்திருக்கிறது. நானும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொடுத்தேன்.

இதற்கிடையில் ஒரு துர்நாற்றம். வடிகாலைத் திறந்தாற்போல் ஒரு நாற்றம் என் மூக்குக்குள் மட்டும் அடிக்கும். “என்னங்க, சமையலறையில் ஒன்றும் அழுகவில்லையே” என்று என் மனைவி வீட்டையே கழுவினாள். டாக்டர் ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்தால் பத்து நாள் சரியாகும். நிறுத்தினால் மூன்றாம் வாரம் திரும்பிவரும். இப்படி மூன்று தடவை. நாலாம் தடவை டாக்டரிடம் போகாமல், பழைய சீட்டைக் காட்டி நானே கடையில் வாங்கி விழுங்கினேன். அது என் குற்றம், வேறு யார் மேலும் போடுவதற்கில்லை.

கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது கன்னத்து சைனஸ் முழுக்க அடைந்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. பல்லைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. மூக்கில் அறுவை செய்யலாம் என்றார்கள். இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். பஞ்சாபிப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நான் டில்லிக் காற்றைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஹிந்தியில் கேட்டார்: “அங்கிள், டில்லிக் காற்று உங்கள் வலது துவாரத்துக்குள் மட்டும்தான் போகிறதா?”

நான் வாயடைத்துப்போனேன். பதினான்கு மாதத்தில் எனக்கே தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது.

அடுத்ததாக, “மேல் பல்லில் ஏதாவது வேலை செய்துகொண்டீர்களா?” என்றார். கும்பகோணத்துக் கதையைச் சொன்னேன். அதே ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு, கீழ்ப்பக்கம் நகர்த்திக் காட்டினார். அந்தக் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். அதற்கு நேர் மேலேதான் சைனஸின் தரை. விடை அந்தப் படத்திலேயே இருந்திருக்கிறது. யாரும் அந்த மூலையைப் பார்க்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கண்ணுக்குக் கீழே, கன்னத்து எலும்புக்குள், இரு பக்கமும் ஒவ்வொரு காற்றறை இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் சுமார் 15 மில்லி, அதாவது மூன்று தேக்கரண்டி கொள்ளும். இதன் தரையும் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களும் அண்டை வீட்டுக்காரர்கள். நடுவில் இருக்கும் எலும்பு சிலருக்கு முட்டை ஓடு மாதிரி மெல்லியது. சிலருக்கு எலும்பே இல்லாமல் ஒரு சவ்வுதான் தடுப்பு. அறையிலிருந்து மூக்குக்குப் போகும் வாசலோ தரையில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. அதனால் உள்ளே சேரும் சளியை நுண்ணிய மயிரிழைகள் மேல்நோக்கித் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். வேர் நுனியில் கட்டும் சீழ் மேலே அரித்துக்கொண்டு போனால், அந்த அறை குளமாகிவிடும்.

பல் ஏன் வலிக்கவில்லை? நரம்புதான் போய்விட்டதே. சீழுக்கும் மேலே வழி கிடைத்துவிட்டதால் ஈறு வீங்கவில்லை, அழுத்தமும் இல்லை. நாற்றம் ஏன்? காற்றில்லாத இடத்தில் வாழும் வாய்க் கிருமிகளின் வேலை அது. மாத்திரை ஏன் நிற்கவில்லை? மாத்திரை ரத்தத்தின் வழியாகப் போகிறது. செத்த பல்லின் உள்குழாயில் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அங்கே சௌகரியமாகக் குடியிருந்து, மாத்திரை முடிந்ததும் மறுபடி மேலே குடியேறுகிறது. தொட்டியில் ஓட்டையை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன் நான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1651-இல் நத்தேனியல் ஹைமோர் என்ற ஆங்கில வைத்தியர் இந்தக் கன்னத்து அறையை விவரித்து எழுதியபோதே, பல் பிடுங்கிய பிறகு அந்த வழியாக நீர் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண்மணியைப் பற்றியும் எழுதினார். மருத்துவ நூல்களில் அந்த அறைக்கு அவர் பெயர்தான். பழைய பாடநூல்கள், கன்னத்து சைனஸ் நோயில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டுதான் பல்லால் வருவது என்று எழுதிவந்தன. ஸ்கேன் பரவிய பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றில் அது நூற்றுக்கு 25 முதல் 40 வரை போகிறது. ஒரே பக்கம் மட்டும் வரும் நோயில் பங்கு அதைவிட அதிகம்.

பல் என்றால் சொத்தை மட்டும் இல்லை. ஈறு நோய் வேர் வரை போனாலும் வரலாம். பல் பிடுங்கும்போது சைனஸுக்குத் துவாரம் விழுந்தாலும், வேர்த் துண்டு மேலே நழுவிப் போனாலும், வேர் சிகிச்சை மருந்து நுனியைத் தாண்டி உள்ளே புகுந்தாலும், செயற்கைப் பல்லுக்காகப் பதிக்கும் திருகாணி உள்ளே நீட்டிக்கொண்டாலும் வரலாம்.

இனி என் சிகிச்சை. அந்த டாக்டர் என்னை ஒரு பல் மருத்துவரிடம் அனுப்பினார். வெறுமே அனுப்பாமல், என் முன்னாலேயே அவருக்குப் போன் செய்து பேசினார். சாதாரணப் பல் எக்ஸ்ரேயில் மேல் வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நோய் மறைந்துவிடக்கூடும் என்று, சி.பி.சி.டி. எனப்படும் கூம்புக் கதிர் ஸ்கேன் எடுத்தார்கள். வேர் சிகிச்சையை முடித்துப் பல்லைக் காப்பாற்றலாமா என்றுதான் முதலில் பார்த்தார்கள். தற்காலிக அடைப்பு எப்போதோ விழுந்து, தொப்பியும் போடாமல் மென்று மென்று, பல் வேர்வரை விரிசல் விட்டிருந்தது. எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த இடத்தில் சைனஸுக்கு ஒரு சிறு துவாரம் தெரிந்ததால் அன்றே தையல் போட்டு மூடினார்கள். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, உறிஞ்சுகுழாய் போட்டுக் குடிக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று கட்டளை. கூடவே ஒரு தடவை ஆன்ட்டிபயாட்டிக், தினம் உப்பு நீரால் மூக்குக் கழுவல். மூன்று மாதத்தில் ஸ்கேன் தெளிந்தது. எனக்கு மூக்கில் அறுவை தேவைப்படவில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது. பல்லைச் சரிசெய்த பிறகும் வாசல் அடைத்தே இருந்தால், மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி அதைத் திறந்துவிட வேண்டியிருக்கும். சிலருக்கு நோயின் வேகத்தைப் பார்த்து அதை முதலிலேயே செய்வார்கள். எதை முதலில் செய்தாலும், பல்லை அப்படியே விட்டுவிட்டு மூக்கை மட்டும் சுத்தம் செய்தால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

இனி என் அபிப்பிராயம். இந்த நோய்க்கு என் விஷயத்தில் காரணம் கும்பகோணத்து டாக்டர் இல்லை. அவர் திரும்ப வரச் சொன்னார். டில்லிக் காற்றும் இல்லை. “ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்ற நம் பழக்கம்தான் காரணம்.

வெளியூரில் வாழும் நம்மவர் உடம்பை இரண்டாகப் பங்கு போட்டிருக்கிறோம். காய்ச்சல், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் இங்கே. பல், கண்ணாடி, முழங்கால் எண்ணெய் எல்லாம் ஊரில். வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் பதினைந்து நாள் லீவில் குலதெய்வம், கல்யாணம், நிலத்து வரி, இவற்றுக்கு நடுவே பல் டாக்டர். பல் வைத்தியம் ஒரே நாளில் முடிவது அபூர்வம். ஆரம்பிப்பது அங்கே, வலி நிற்பதும் அங்கே, பாக்கி மட்டும் நம்மோடு ரயில் ஏறி இங்கே வருகிறது. பாதி செய்த வேர் சிகிச்சை, செய்யாததைவிட ஏமாற்றுவது. ஏனென்றால் எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு வீட்டை அப்படியே விட்டுவைக்கிறது.

எதிர்த்தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். இங்கே செலவு அதிகம். பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில், படுக்கையில் சேராமல் செய்துகொள்ளும் பல் சிகிச்சைக்குப் பணம் கிடைப்பதில்லை. ஊரில் தெரிந்த டாக்டர், நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே பாஷை. நம் வீட்டுப் பாட்டிக்குப் பல் குத்தும், குடையும், கூசும், தெறிக்கும், கடுக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்குறி. இங்கே டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் வாயில் வருவது ‘தர்த்’ என்ற ஒரே சொல். அவள் ஊர் டாக்டரைத் தேடுவதில் குற்றம் காண முடியாது.

ஆனால் செலவுக் கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். நாலு தடவை மாத்திரை, மூன்று டாக்டர் பீஸ், இரண்டு ஸ்கேன், கடைசியில் போன பல். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகை இதில் எந்த மூலைக்கு? தனியாரிடம் போக முடியாதவர்களுக்கு இதே ஊரில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எய்ம்ஸிலும் பல் மருத்துவ மையம் இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், உண்மைதான். ரேஷனுக்கும் பள்ளி அட்மிஷனுக்கும் நிற்காதவர்களா நாம்?

டாக்டர்கள் தரப்பிலும் ஒரு குறை உண்டு. நம் நாட்டில் மருத்துவக் கல்லூரி வேறு, பல் மருத்துவக் கல்லூரி வேறு. பல் மருத்துவத்துக்கு 1948-இலேயே தனிச் சட்டம் வந்தது. படிப்பு பிரிந்திருப்பதில் தவறில்லை. நோயாளியின் முகமும் பிரிந்துவிட்டது என்பதுதான் சங்கடம். மூக்கு டாக்டர் அண்ணத்துக்கு மேலே, பல் டாக்டர் அண்ணத்துக்குக் கீழே. அந்த இளம் டாக்டர் ஒரு போன் செய்தார். அந்த ஒரு போன் பதினான்கு மாதத்துக்கு முன்னால் நடந்திருந்தால் என் பல் பிழைத்திருக்கும். அவர்கள் பேசிக்கொள்ளும் காலம் வரும்வரை, இரு பக்கத்துச் சேதியையும் சுமந்து செல்ல வேண்டியவர் நோயாளிதான்.

ஆகவே அன்பர்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜலதோஷம் பெரும்பாலும் பத்து நாளில் தானே போகும். அதற்குப் பல்லைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் மூக்கு ஒரே பக்கம் ஒழுகினால், நாற்றம் அடித்தால், மாத்திரை நின்றதும் திரும்பி வந்தால், அல்லது சமீபத்தில் மேல் பல்லில் வேலை நடந்திருந்தால், மூக்கு டாக்டரிடம் பல் கதையையும், பல் டாக்டரிடம் மூக்குக் கதையையும் நீங்களே சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்தால், “பல் வேரையும் பார்த்து எழுதுங்கள்” என்று கேளுங்கள்.

அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம். சைனஸ் நோயே மேல் பற்களை வலிக்கச் செய்வதும் உண்டு. அப்போது ஒரு பல்லாக இல்லாமல் வரிசையாக இரண்டு மூன்று பல் சேர்ந்து வலிக்கும், குனிந்தால் கனக்கும். குளிர்ச்சி வைத்துப் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

ஊரில் பல் வேலை செய்துகொண்டால், எந்தப் பல், என்ன மருந்து, என்ன பாக்கி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுவாருங்கள். முடிக்க நாள் போதாது என்று தெரிந்தால், வலிக்கு மட்டும் வழி செய்துகொண்டு, வந்த வாரமே இங்கே தொடருங்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கடும் தலைவலியோடு காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கன்னம் மரத்துப்போனாலோ, மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்பாகப் பொருக்குத் தெரிந்தாலோ, மேல் பற்கள் திடீரென்று ஆடினாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலைக்குப் பின் வந்த கறுப்புப் பூஞ்சை நோய் எத்தனை குடும்பங்களைக் கலங்க வைத்தது என்பதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாம் நடத்தும் மருத்துவ முகாமில் கண் பார்க்கிறோம், சர்க்கரை பார்க்கிறோம். ஒரு பல் டாக்டருக்கும் ஒரு நாற்காலி போடுவோம். தலைநகரில் தமிழ் பேசும் பல் டாக்டர்களின் பட்டியலைப் பொங்கல் மலரில் வெளியிடுவோம். ஹிந்தி தெரியாத முதியவர்களோடு கூடப் போய், குத்துகிறதா குடைகிறதா என்பதை எடுத்துச் சொல்ல நாலு பேர் முன்வர வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவன்தான், காலையில் எனக்கு வேறு வேலை இல்லை.

இந்தக் கார்த்திகையில் புகை வழக்கம்போல் வரும். மூக்கும் அடைக்கும். அதைப் பற்றி நாம் பேசத்தான் போகிறோம். பேசும்போது, “இரண்டு பக்கமுமா, ஒரு பக்கம்தானா?” என்று அவசியம் கேளுங்கள். ஒரு பக்கம்தான் என்று அவர் சொன்னால், தைலத்தின் பெயர் சொல்லாமல் பல் டாக்டரின் பெயரைச் சொல்லுங்கள்.